சகலையின் மஞ்சள் கார்

லட்சுமி மில்ஸ் சிக்னலில் பச்சை விழுந்தது, சிவப்பு விழுந்தது, மறுபடியும் பச்சை விழுந்தது. தம்பிதுரையின் கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏனுங்க, காரு பாக்கறதுக்குப் புலியாட்டம் இருக்குது. நகர மாட்டேங்குதே, இறங்கித் தள்ளி உடட்டுங்களா?"

"வேண்டாமுங்க. எஞ்சின் சூடு ஆறட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கறேன்."

"சிக்னல்லயாங்க?"

தம்பிதுரை சாவியைத் திருகினார். எஞ்சின் இரண்டு முறை இருமி, கரும்புகையாக ஒரு கொத்து விட்டுவிட்டு அடங்கியது. பத்து நாளாக இதே கதைதான். பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் ஒருவர் அந்தப் புகையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டு வயதான ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு. குங்குமச் சிவப்பு. பொத்தானை அழுத்தினால் முகவிளக்குகள் இமை திறப்பது போல மேலே எழும்பி வரும். சின்னவேடம்பட்டியில் கிரைண்டர் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பிதுரை, எட்டு வருடத்துக்கு முன்னால் குன்னூரில் ஒரு எஸ்டேட்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. கோயமுத்தூரிலேயே அந்த ரகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெருமை சரியாக ஆறு மாதம் நீடித்தது. ஏழாவது மாதம் பொள்ளாச்சியிலிருந்து கோபாலசாமி அதே ரகக் காரை, மஞ்சள் நிறத்தில், வாங்கிக்கொண்டு வந்து தம்பிதுரை வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்.

கோபாலசாமி தம்பிதுரைக்குச் சகலை. மனைவி சாந்தாமணியின் அக்கா பொற்கொடியைக் கட்டியவர். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பும் நார் மில்லும் உண்டு. தம்பிதுரை எதை வாங்கினாலும் ஆறு மாதத்துக்குள் அதையே இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கிவிடுவது அவருக்கு வழக்கம். டீவி, தண்ணி சுத்திகரிக்கும் மிஷின், நடைப்பயிற்சி ஷூ வரைக்கும் அப்படித்தான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மஞ்சள் கார் ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. அதுதான் தம்பிதுரையின் நெஞ்சுக்குள் நெருஞ்சி முள்ளாகக் கிடந்தது.

போன் அடித்தது. சாந்தாமணி.

"ஏனுங்க, லட்சுமி மில்ஸ் சிக்னல்ல கார் நின்னு போச்சாமா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"பொற்கொடி அக்கா சொன்னாங்க. மாமாவோட வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ வந்துச்சாமா. 'பாவம் சகலை'ன்னு மாமா ரொம்ப வெசனப்பட்டாராமா."

கார் நின்றதைவிட அந்தப் 'பாவம்'தான் தம்பிதுரைக்கு அதிகமாகச் சுட்டது.

உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் ரசாக் பாய் பானட்டைத் திறந்து அரை நிமிடம் எட்டிப் பார்த்தார். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில், குழாயோடு குழாயாக இருந்த கைப்பிடி அளவு சாமானிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். குலுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

"பாத்தீங்களா? இது பேசறதை நிறுத்தினா எஞ்சின் நிம்மதியா இருக்குது. ஏர் ஃப்ளோ சென்சார் போயிருச்சுங்க."

"அப்படின்னா?"

"எஞ்சின் எத்தனை காத்தை இழுக்குதுன்னு அளந்து சொல்றதுதானுங்க இதோட வேலை. இது சொல்ற அளவுக்குத் தக்கனதான் பெட்ரோல் ஊத்தும். இப்ப இது வாய்க்கு வந்த கணக்கெல்லாம் சொல்லுது. ஒயரைப் புடுங்கிட்டே ஓட்டலாம். ஆனா கட்டை வண்டி வேகந்தான் வரும்."

"புதுசு மாட்டிருங்க பாய்."

"வெளிநாட்டுல இருந்து வரோணுமுங்க. இன்னைக்குச் சொன்னா அஞ்சு வாரம் ஆகும்."

மகள் நித்யஸ்ரீயின் கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள்தான் இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று அத்தனை சொந்தத்தின் முன்னாலும், "மாப்பிள்ளை அழைப்புக்கு என்ற சிவப்புக் கார்தான்" என்று மைக்கைப் பிடித்து அறிவித்தவர் அவரே.

ரசாக் பாய் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். "கோபாலசாமி அண்ணன் காரும் இதே மாடல்தானுங்களே. கல்யாணத்துக்கு மட்டும் அவர்கிட்ட இதை இரவல் கேளுங்க. ரெண்டு ஸ்க்ரூ, ரெண்டு கிளாம்ப். பத்து நிமிச வேலை."

"அவருகிட்டப் போய்க் கேக்கறதுக்கு நான் மாப்பிள்ளையை மாட்டு வண்டில கூட்டிட்டு வருவேன்."

"அப்பச் சரி. புதுசுக்குச் சொல்லிர்றேன். அதுக்குள்ள இதைச் சுத்தம் பண்ணிப் பாக்கலாம். அதுக்குன்னே தனி ஸ்ப்ரே இருக்குது, புதன்கிழமை வந்துரும். அதுவரைக்கும் நீங்க கை வெச்சரக்கூடாது. உள்ள இருக்கற கம்பி தலைமுடியை உடச் சன்னமுங்க."

முப்பது வருடமாக மோட்டார் காயில் சுற்றிய மனிதரிடம் கம்பியில் கை வைக்காதே என்றால் கேட்பாரா? ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பிதுரை சென்சாரைக் கழற்றி வெளியே எடுத்தார். காது குடையும் பட்ஸைத் தின்னரில் நனைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குக் கண்மை தீட்டுவது போல அந்தக் கம்பியை மெல்லத் துடைத்தார்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்ப மாட்டி, காரைக் கிளப்பினார். கிளம்பியது. கிளம்பும்போது விட்ட புகை, பக்கத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டிகளை நோக்கி நேராகப் போனது. கல்யாணத்தில் முன்னால் நிற்கப்போகும் சொந்தக்கார ஒறம்பரைகளுக்காக எடுத்து, கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டிகள். மொத்தம் பன்னிரண்டு.

சாந்தாமணி வெளியே வந்து கொடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பன்னண்டு பேரையும் கல்யாணத்துக்குக் கூப்பிடறோமா, சபரிமலைக்குத் தாட்டி உடறோமா?"

நித்யஸ்ரீ அப்பாவைச் சமாதானப்படுத்த வந்தாள். "இதுக்கு எதுக்குப்பா இத்தனை வெசனம்? பெரியப்பா கார் இருக்குதில்ல, அதுல கூட்டிட்டு வந்துக்கலாம். மஞ்சளுன்னா மங்களகரமாத்தான இருக்கும்?"

பெற்ற மகள் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்துவிட்டது. தம்பிதுரை எழுந்து உள்ளே போனார். மதியம் இலையில் எலுமிச்சை சாதம் விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கல்யாணம் முடியற வரைக்கும் இந்த ஊட்டுல எலுமிச்சை சாதம் செய்ய வேண்டாம்" என்று சொல்லிக் கையைக் கழுவினார்.

அடுத்த வாரம் முழுக்கப் பழைய சாமான் கடைகளில் அலைந்து, ஒரு வழியாக ஒரு சென்சாரைக் கண்டுபிடித்தார். பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. ஒயரும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அது இதைவிட இரண்டு மடங்கு பெரிய எஞ்சினிலிருந்து கழற்றியது. அதை விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

அதை மாட்டி முடித்த நேரத்தில்தான் சம்பந்தி வந்து இறங்கினார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருப்பவர். அதிராமல் பேசுகிற, அதிராமல் நடக்கிற மனிதர்.

"இதானுங்களா நம்ம பையன் சபரீஷ் மாப்பிள்ளையா வரப்போற காரு?"

"ஏறி உக்காருங்க சம்பந்தி. ஒரு ரவுண்டு போயிப்போட்டு வந்தர்லாம்."

கார் தவளை மாதிரி கிளம்பியது. ஒரு பாய்ச்சல், ஒரு நிறுத்தம், அடுத்த பாய்ச்சல். காளப்பட்டி ரோட்டில் அரை மைல் போவதற்குள் சம்பந்தியின் தலை முன் கண்ணாடியை மூன்று முறை தொட்டு வந்தது. வாயில் அடக்கியிருந்த வெற்றிலை எப்போது உள்ளே போனது என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டு முன்னால் கார் கடைசியாக ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. சம்பந்தி மெல்ல இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல காருங்க. உள்ள உக்காந்து வந்தாலும் நடந்து வந்தாப்பல இருக்குது."

"சின்ன ரிப்பேருங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"நீங்க ஒண்ணும் சங்கடப்பட வேண்டாமுங்க. உங்க சகலை நேத்தே போன் பண்ணினாரு. 'எங்க தம்பி காரு மக்கர் பண்ணுது, என்ற மஞ்சக் கார் ரெடியா இருக்குது, மாப்பிள்ளைக்குத் தாரேன்'னு சொன்னாருங்க. தங்கமான மனுசன்."

தம்பிதுரை சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. அதற்குக் கீழே எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் நாதஸ்வரம் ஊத, வாழைமரத்துக்கு நடுவே அந்த மஞ்சள் கார் அலுங்காமல் வந்து நிற்பதும், கதவைத் திறந்துவிட்டுக் கோபாலசாமி ஊரையே கும்பிடுவதும், தான் ஓரமாக ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர் கண்முன்னால் வந்து போயின.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பத்திரிகை வைக்கப் பொள்ளாச்சிக்குப் போனார்கள். சாந்தாமணி பத்திரிகை, பழத்தட்டு எல்லாம் எடுத்து வைத்தாள். தம்பிதுரை கம்பி அறுந்த பழைய சென்சாரையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் துணிப்பையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

"வாங்க சகலை, வாங்க. காரு சரியாச்சுங்களா?" என்று வாசலிலேயே கேட்டார் கோபாலசாமி.

"ஆயிட்டே இருக்குதுங்ணா."

"பழசுன்னா அப்படித்தான். கை ராசின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. நம்முளுதைப் பாருங்க, சாவியைக் காட்டினாலே உறுமுது."

சாப்பாட்டில் பொற்கொடி பருப்பும் நெய்யும் ஊற்றினாள். தம்பிதுரை கார் கொட்டகை இருக்கும் திசையைப் பார்த்தபடியே சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் கோபாலசாமி சாய்வு நாற்காலியில் சாய்ந்து ஐந்தே நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். அக்காவும் தங்கையும் புடவைக் கதையில் இறங்கிவிட்டார்கள்.

தம்பிதுரை தோப்பைச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கார் கொட்டகைக்குள் நுழைந்தார். மஞ்சள் கார் மினுமினுவென்று நின்றது. ரெண்டு ஸ்க்ரூ, ரெண்டு கிளாம்ப். ரசாக் பாய் சொன்னது போலப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நல்லது இவர் சட்டைக்குள் வந்தது. கெட்டது அங்கே போனது. பானட்டை மூடும்போது, ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒரு மாங்காய்கூடத் திருடாத தம்பிதுரைக்கு வேர்த்துக் கொட்டியது.

விடைபெறும்போது பொற்கொடி அவர் வயிற்றைக் கவலையோடு பார்த்தாள்.

"தம்பிக்கு வயிறு உப்பிசமாட்ட இருக்குதே சாந்தா. ஊட்டுக்குப் போனதும் ஓமத்தண்ணி வெச்சுக் குடு கண்ணு."

"வேண்டாமுங்க அக்கா," என்றார் தம்பிதுரை, சென்சாரை முழங்கையால் அழுத்திக்கொண்டு. "தானா சரியாயிரும்."

மறுநாள் சிவப்புக் கார் பாடியது. வேறு சொல் கிடையாது. அவிநாசி ரோட்டில் ஏறியதும் எஞ்சின் அப்படியே பட்டுத் துணி கிழிபடுவது போல ஒரு சத்தத்தோடு பறந்தது. லட்சுமி மில்ஸ் சிக்னலில் வேண்டுமென்றே இரண்டு முறை நின்று கிளம்பினார். ரசாக் பாயிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் தாடியைச் சொறிந்தார்.

"நல்ல சாமானாச்சே. எங்கீங்க கெடச்சுது?"

"தேடறவன் தேடினாக் கெடைக்குமுங்க பாய்."

"அப்ப வெளிநாட்டுல சொன்னதை வேண்டாம்னு சொல்லிரட்டுங்களா?"

"வரட்டும், இருக்கட்டும்."

அதன்பிறகு தம்பிதுரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சள் கார் நின்றுபோன சேதி வரும், 'ஐயோ பாவமுங்ணா' என்று தாமும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவைத்திருந்தார். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாவது நாள் காலையில் கோபாலசாமியே கூப்பிட்டார். குடும்பமே டிபனுக்கு உட்கார்ந்திருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சகலை, நல்லா ரோசனை பண்ணிப் பாத்தேன். உங்க பொண்ணு கல்யாணமுங்க. உங்க கார்ல மாப்பிள்ளை வாரதுதான் மொறை. என்ற காரு கொட்டாயிலயே இருக்கட்டும். சம்பந்திகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

கார் ஓடவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. கோபம் இல்லை. சந்தேகம் இல்லை. தம்பிதுரை இட்லியைப் பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்.

நித்யஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியப்பாவுக்கு எத்தனை பெரிய மனசு பாத்தீங்களாப்பா? தாரேன்னு சொன்னதையே உங்களுக்காக விட்டுக் குடுக்கறாரு."

சம்பந்தியும் போன் செய்தார். "விட்டுக் குடுக்கறதுக்கு ஒரு குணம் வேணுமுங்க. உங்க சகலைகிட்ட அது நெறைய இருக்குது."

கல்யாணம் ஜோராக நடந்தது. சிவப்புக் கார் ஒரு சின்ன இருமல்கூட இல்லாமல் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து மண்டபத்தில் சேர்த்தது. ஆனால் காரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கோபாலசாமியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பந்தியில் ஒருவர் விடாமல் அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவரோ புதுப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று நழுவிக்கொண்டே இருந்தார். அந்த அடக்கத்துக்கும் தனியாக ஒரு புகழ் கிடைத்தது.

இதுநாள் வரை தம்பிதுரைக்குச் சகலையின் காரைப் பார்த்துத்தான் பொறாமை. இப்போது அவருடைய குணத்தைப் பார்த்தும் வந்துவிட்டது. கார் என்றால் தாமும் ஒன்று வாங்கி ஈடு கட்டலாம். குணத்தை எந்த எஸ்டேட்காரரிடம் போய் வாங்குவது?

கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம் புது சென்சார் வந்து சேர்ந்தது. பெட்டி பிரிக்காத, பளபளக்கும் சாமான். அதைக் கையில் வைத்துக்கொண்டு தம்பிதுரை ஒரு முழுக் காலை யோசித்தார். கடைசியில், இதை மஞ்சள் காரில் மாட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். அதில் கால்பங்குதான் மனசாட்சி. மீதி முக்கால்பங்கு வேறு. எடுத்தது பழசு, கொடுப்பது புதுசு. ஊருக்குத் தெரியாவிட்டால் போகிறது. இரண்டு சகலைகளில் பெரிய மனசு யாருக்கு என்று தனக்கு மட்டுமாவது தெரிந்திருந்தால் போதும்.

கோபாலசாமியும் பொற்கொடியும் கொடுமுடிக்குச் சாமி கும்பிடப் போன நாளாகப் பார்த்துப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார். தோப்பில் ஆள் நடமாட்டமே இல்லை. கொட்டகைக்குள் மஞ்சள் கார் மேல் பழைய ஜமுக்காளம் போர்த்தியிருந்தது. அதை விலக்கி, பானட்டைத் தூக்கி, அறுந்த சென்சாரைக் கழற்றித் தரையில் வைத்தார். புதுசை எடுத்துக் குழாய்க்குள் பொருத்திக்கொண்டிருக்கும்போது பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

வேலன் நின்றுகொண்டிருந்தார். கோபாலசாமியிடம் இருபது வருடமாக டிரைவராக இருக்கும் மனிதர். அறுபது வயதிருக்கும். அய்யாவையும் அம்மாவையும் ரயிலேற்றிவிட்டுத் திரும்பியிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

தம்பிதுரை கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை ஒளிக்கப் பார்த்தார். ஒளிக்க இடம் இல்லை. இன்னும் மனதுக்குள் வைத்துப் புழுங்குவதைவிட ஒருவரிடமாவது கொட்டிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

"வேலா, உங்க அய்யாகிட்ட நீயே சொல்லிரு. பத்திரிகை வெக்க வந்தன்னிக்கு நாந்தான் இதுல இருந்த சென்சாரைத் திருடிட்டுப் போனேன். என்ற கார்ல இருந்த ஓட்டைச் சாமானை இதுல மாட்டிப்போட்டேன். அது தெரியாம அந்த மனுசன் பெருந்தன்மையா விட்டுக் குடுத்தாரு. என்னால தாங்க முடியலை. அதான் புதுசு கொண்டாந்திருக்கறேன். நான் மனுசனே இல்லை வேலா."

வேலன் தேங்காய் மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தரையில் கிடந்த அறுந்த சென்சாரை எடுத்து, பழகிய சாமானைப் பார்ப்பது போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"புதுசை உங்க ஊட்டுக்கே கொண்டு போயிருங்க," என்றார். "அன்னிக்கு நீங்க கழட்டிட்டுப் போனது உங்களுதேதானுங்க. நிச்சயதார்த்தத்துல நீங்க மைக்குல பேசிட்டு இருந்தப்ப எங்க அய்யாதான் உங்களுதைக் கழட்டிக்கிட்டு, எங்க கார்ல கெட்டுப்போயிருந்த இந்த ஓட்டைச் சாமானை உங்க கார்ல மாட்டினாரு, நாந்தானுங்க பானட்டைப் புடிச்சுட்டு நின்னேன்."